சுஹைபின் தகப்பன்

காஸாவின் தெற்குக் கடலோரத்து மவாஸி மணலில் கூடாரம் போட்டிருந்த எங்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் சப்ரி என்பதே தெரியாது. மூத்த மகன் பிறந்தானோ இல்லையோ, தகப்பனுடைய பெயர் அன்றோடு சரி. மகன் பெயரைச் சொல்லி, அவனுடைய தகப்பனே என்றுதான் ஊர் கூப்பிடும். அப்படி அவர் அபூ சுஹைப். அவர் மனைவி இன்ஷிராஹ், உம்மு சுஹைப். கல்யாணமாகி வெகு காலம் வயிறு திறக்காமல், இனி இவளை நம்பிப் பயனில்லை என்று மாமியார் வேறு பெண் தேடக் கிளம்பிய சமயத்தில் பிறந்தவன் சுஹைப். ஒரே பிள்ளை. மற்றவர்கள் அந்த மாதிரி அழைப்பைக் காதில் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர்கள் இரண்டு பேரும் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பூரித்துத்தான் திரும்புவார்கள்.

போருக்கு முன்னால் சப்ரி காஸா நகரத்தில் மின்சார அலுவலகக் குமாஸ்தா. புகார் வாங்குவது வேலை. நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத ஊரில் அந்த வேலைக்கு என்றைக்குப் பஞ்சம்? சண்டைக்கு வந்தவரிடம் பதிலுக்குக் கத்தாமல், இரண்டு அடி பாட்டாகச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார். கரண்ட் வராது, வந்தவர் கோபம் மட்டும் போயிருக்கும். அவர் குடியிருந்த ஷுஜாயியா பேட்டையில் கல்யாணம் என்றால், மருதாணி வைக்கும் இரவில் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாட அவரைத்தான் அழைப்பார்கள். இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டிருந்தார். ஒன்று கடலைப் பற்றி, இன்னொன்று காதலைப் பற்றி. இரண்டுமே விற்கவில்லை. பெரிய கவிஞர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. பெரிய கவிஞர்கள் தூரத்து நாடுகளில் உட்கார்ந்து எங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே எழுதினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் வந்தது, ஷுஜாயியா வீடு போயிற்று. அங்கே இங்கே என்று விரட்டப்பட்டு, எத்தனை தடவை இடம் மாறினோம் என்று கணக்கு வைப்பதை எல்லோரும் கைவிட்ட பிறகு, மூன்று பேரும் மவாஸியில் வந்து விழுந்தார்கள். விற்காமல் மிஞ்சிய புத்தகங்களைச் சப்ரி மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து வந்திருந்தார். சமையல் பாத்திரத்தை விட்டுவிட்டு இந்தக் குப்பையைத் தூக்கி வருகிறாரே என்று இன்ஷிராஹ் வழி நெடுகத் திட்டித் தீர்த்தாள். விறகு கிடைக்காத மாதங்களில் அந்தக் குப்பைதான் ரொட்டி சுட்டது.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் அபூ கமீஸ். டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர். வண்டி நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. அடுப்பு எரிவதைக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே, “உன் மொத புஸ்தகம் நல்லா பத்திக்குதுய்யா. ரெண்டாவதுதான் வெறும் புகையா வருது,” என்றார்.

“பத்திரிகைலயும் அப்படித்தான் எழுதினாங்க,” என்றார் சப்ரி.

இரங்கல் கவிதை எழுத வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டவர் இல்லை. முட்டை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் தேடி வந்தாள். அவளுடைய தங்கை இருந்த வீட்டின் மேல் குண்டு விழுந்து, செய்தியில் செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விட்டார்கள். என் தங்கச்சி எண்ணிக்கை இல்லை, அவள் பெயரை எங்கேயாவது எழுதிவையுங்கள் என்றாள். நல்லவள், பொறுமைசாலி, தாராளக் கை என்று அவள் சொல்லிக்கொண்டே போகச் சப்ரிக்கு ஒன்றும் ஓடவில்லை. செத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தானே. அவளுக்கு என்ன பிடிக்காது என்று கேட்டார். வெண்டைக்காய் என்றாள் அந்தப் பெண். குழம்பில் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு, தின்றுவிட்டேன் என்று சத்தியம் செய்வாளாம். அவள் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குடும்பப் பெயர் நான்கையும் முதல் அடியில் நிறுத்தி, வெண்டைக்காயில் கொண்டு முடித்தார் சப்ரி. முட்டைக்காரி கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு மணலில் விழுந்து அழுதாள்.

அதற்குப் பிறகு வர ஆரம்பித்தார்கள். எப்படிச் செத்தார் என்று சப்ரி கேட்கவே மாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எதற்குக் கோபம் வரும், எதைக் கண்டால் ஆகாது, யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, இதைத்தான் கேட்பார். மனிதர்கள் நல்ல குணத்தில் ஒரே மாதிரி இருக்கிறார்கள், கோணல் குணத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறார்கள் என்பார். காகிதம் ஏது? மனதுக்குள் கட்டி, வாயால் சொல்வார். வந்தவர் கைபேசியில் பதிந்துகொண்டு போய்த் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவில் போட்டுக் காட்டுவார். முழுப் பெயர் தெரியாமல் அவர் ஒரு வரி சொன்னதில்லை. பெயர் இல்லாமல் ஒருத்தரையும் அனுப்பமாட்டேன் என்பது அவர் வைத்திருந்த ஒரே பிடிவாதம்.

வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் இந்தக் கவிதைகளைக் கேள்விப்பட்டு, மிகுந்த மரியாதையோடு எழுதினார். எல்லாம் அருமை, ஆனால் பெயர்கள் அதிகமாக இருப்பதால் எங்கள் வாசகர்கள் களைத்துப்போகிறார்கள், ஆலிவ் மரத்தைப் பற்றி ஒன்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். அந்த மரத்தின் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் தெரிந்தால் அனுப்புங்கள், எழுதுகிறேன் என்று பதில் போட்டார் சப்ரி. களைத்துப்போகிறார்களாம். 

ஆனால் இதில் ஒரு கோளாறும் சேர்ந்து வளர்ந்தது. அபூ சுஹைப் கவிதை சொல்லிவிட்டார் என்றால் ஆள் போனது நிச்சயம் என்று முகாமில் ஆகிவிட்டது. மகன் என்ன ஆனான் என்று தெரியாத தாய்மார்கள், அவர் தண்ணீர் வரிசைக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்குவார்கள். உயிரெடுக்கிற வானவருக்கு அடுத்தபடியாக ஊர் உன்னைப் பார்த்துத்தான் நடுங்குகிறது என்று அபூ கமீஸ் கேலி செய்வார். தன் பழைய மெர்சிடிஸுக்கு ஒரு கவிதை சொல்லும்படி அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “அதுக்கு என்ன பிடிக்காதுன்னு கேளு, சொல்றேன். மேடு பிடிக்காது. மழை பிடிக்காது. என் மாமியார் ஏறினா ஸ்டார்ட்டே ஆகாது,” என்பார்.

சுஹைப் அப்போது கல்லூரி மூன்றாம் வருடத்தில் இருந்தான், கல்லூரிதான் இல்லை. உயரமானவன், கால் நீட்டினால் கூடாரத்துக்கு வெளியே போய்விடும். எங்கிருந்தோ ஒரு சூரியத் தகட்டைப் பிடித்துவந்து முகாமுக்கே கைபேசி சார்ஜ் போட்டுக்கொடுத்தான். மின்சார அலுவலகத்தில் வாப்பா வாங்கிய புகாருக்கெல்லாம் நான் பரிகாரம் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வான். சிரித்தால் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சிரிப்பான், அதைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

மாவு தீர்ந்துபோன நாட்களில் அது நடந்தது. மணல்மேட்டில் முளைத்த குப்பைஸா கீரையைப் பறித்து உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தோம், பிறகு அதுவும் தீர்ந்தது. மாவு கொடுக்கிற இடத்தில் படையினர் சுட்டார்கள்; அங்கே போனவர்களில் சிலர் மூட்டையோடு வந்தார்கள், சிலர் தட்டுவண்டியில் கிடத்தப்பட்டு வந்தார்கள். யாரும் போகவேண்டாம் என்று இன்ஷிராஹ் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போகிறேன் என்று சப்ரி எழுந்தார், முழங்கால் விடவில்லை. மகன் அவரைப் பிடித்து உட்காரவைத்தான்.

“நீங்க போனா கியூவில நிக்கறவனுக்கெல்லாம் கவிதை சொல்லி அழவச்சிருவீங்க வாப்பா,” என்றான். தாயிடம், “உம்மா, வாப்பா இன்னும் எழுதாத மூணாவது புஸ்தகத்தை அடுப்புக்கு ரெடியா வைங்க. மாவோட வரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கூடப் போனவர்கள் திரும்பினார்கள். சுட ஆரம்பித்ததும் எல்லோரும் குப்புறப் படுத்தோம், படையினர் கிட்டே வந்தார்கள், எழுந்து ஓடியபோது சுஹைபைக் காணவில்லை என்றார்கள். அடிபட்டானா, பிடித்துப்போனார்களா, ஒருவருக்கும் தெரியவில்லை. சப்ரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். முழங்கால் வலி உண்மைதான். ஆனாலும் தவழ்ந்தாவது நாமே போயிருக்கலாமே என்று அவர் நினைக்காத நேரமில்லை.

இன்ஷிராஹ் கூடாரத் துணிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். அழவில்லை. ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. அபூ கமீஸின் மனைவி துணியை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் வந்து நாடி பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு நோய் ஒன்றும் இல்லை, இருக்கவேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை, இப்படியே விட்டால் போய்விடுவாள் என்று சப்ரியை வெளியே அழைத்துச் சொன்னார். மகன் போன வழியில் மனைவியும் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். பட்ட காலிலே படும் என்பார்களே, அது யாரோ ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, கண்டு சொன்னது.

அந்தச் சமயத்தில் சிறையிலிருந்து விடுபட்டு வந்த கொல்லர் ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தன் கொட்டடிக்கு அடுத்த கொட்டடியில் சுஹைப் என்று ஒரு பையனைக் கூப்பிடுவதைக் கேட்டாராம். முகம் பார்க்கவில்லை. குடும்பப் பெயர் தெரியாது. எத்தனையோ சுஹைப் இருப்பார்கள் என்று சப்ரிக்குத் தோன்றியது, சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் இன்ஷிராஹ் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பருப்புக் கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு அவள் கணவரிடம் பேசினாள். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ஊருக்கெல்லாம் கவிதை சொல்லுங்க, நான் தடுக்கல. என் புள்ளையைப் பத்தி ஒரு வரி உங்க வாயில வந்துச்சு, அன்னைக்கு நான் மௌத்து, செத்துட்டேன்னு வச்சுக்கங்க. அவன் உள்ள இருக்கான். நீங்க கவிதை சொல்லித்தான் அவனைச் சாகடிக்கணும்.”

“நான் சொல்ல மாட்டேன்,” என்றார் சப்ரி.

“மனசுக்குள்ளயும் கட்டாதீங்க.”

அதற்கும் சரி என்று தலையாட்டினார். அது மட்டும் அவர் கையில் இல்லை.

கூடாரத்தில் துக்கம் விசாரிக்க யாரையும் அவள் அனுமதிக்கவில்லை. துக்க வீட்டில் கொடுக்கிற சர்க்கரை போடாத காப்பி காய்ச்சப்படவில்லை. இறந்தவருக்குச் சொல்கிற வார்த்தை ஒன்று, தொலைந்தவருக்குச் சொல்கிற வார்த்தை வேறு. ஒருநாள் அபூ கமீஸ் கைபேசி சார்ஜ் பற்றி ஏதோ புலம்பிக்கொண்டிருந்தபோது, நம் சுஹைபின் கைராசி யாருக்கு வரும், அல்லா அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். செத்தவர்களுக்குத்தான் அதைச் சொல்வோம். இன்ஷிராஹ் அவர்களிடம் இரவல் வாங்கியிருந்த சட்டியைக் கழுவாமல், பருப்பு ஒட்டியபடியே கொண்டுபோய் அவர்கள் கூடார வாசலில் வைத்துவிட்டு வந்தாள். விரோதியின் சட்டியைக்கூட நாங்கள் கழுவித்தான் திருப்பித் தருவோம். அபூ கமீஸ் மறுநாள் வந்து வாசலில் நின்றார். அவரை அப்படிக் குரல் தாழ்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

“நாக்கு பழகிப்போச்சும்மா உம்மு சுஹைப். உயிரோட இருக்கிறவங்களுக்குச் சொல்ற வார்த்தை இப்பல்லாம் வாயில வரவே மாட்டேங்குது. மன்னிச்சிரு,” என்றார்.

சப்ரி தொடர்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாதே என்றது எல்லாம் உள்ளே கட்டிக்கொண்டு நின்றது, ஊமை கண்ட கனவு போல. ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் இறந்து, அவர் மனைவி வந்து கேட்டு, சப்ரியும் கவிதை சொன்னார். அந்த அம்மாள் கேட்டு முடித்தாள். “எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இவர் மூக்கை உறிஞ்சிச் சிரிக்க மாட்டாரே. இவர் சிரிச்சே நான் பாத்ததில்ல. இது யாரு?” என்றாள். நல்லவேளை, இன்ஷிராஹ் அப்போது தண்ணீருக்குப் போயிருந்தாள். சப்ரி அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். அத்துடன் கவிதை சொல்வதை நிறுத்திவிட்டார். வந்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார், கவிதை வருவதில்லை என்றார். முகாமில் சாவுக்குக் குறைவில்லை, இவரிடமிருந்துதான் ஒரு சொல் வரவில்லை.

போர் நிறுத்தம் என்று அறிவித்தார்கள். கொஞ்சம் நின்றது, கொஞ்சம் நிற்கவில்லை. சிறையிலிருந்து ஆட்கள் பேருந்துகளில் வந்தார்கள். இன்ஷிராஹ் ஒவ்வொரு பேருந்தின் ஜன்னலையும் பார்த்தாள். கடைசிப் பேருந்துக்குப் பிறகும், இன்னும் விடவேண்டியவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றாள். இருந்தார்கள், அது பொய்யில்லை.

பிறகு லாரிகள் வந்தன. படையினர் தங்கள் வசம் இருந்த சடலங்களை வெள்ளைப் பைகளில் போட்டு அனுப்பினார்கள். பெயர் கிடையாது, பைக்கு ஒரு எண். ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான அறையில் திரை கட்டிப் படங்களைக் காட்டினார்கள். ஊரே அங்கே போய் நின்றது. இன்ஷிராஹ் போகவில்லை. கணவரை அனுப்பினாள்.

“போய்ப் பாத்துட்டு வாங்க. இருக்க மாட்டான். இல்லைன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க,” என்றாள்.

சப்ரி போனார். இல்லை என்று வந்து சொன்னார். அவள் முகம் தெளிந்தது, அன்று இரண்டு ரொட்டி தின்றாள். அடுத்த லாரி வந்தபோதும் அனுப்பினாள், அப்போதும் இல்லை. நான்தான் சொன்னேனே என்றாள். அவர் ஒவ்வொரு தடவை இல்லை என்று வந்து சொல்லும்போதும் மகன் உயிரோடு இருப்பது அவளுக்கு இன்னும் கொஞ்சம் உறுதியாயிற்று. லாரி வருகிற செய்தியை அவள் எதிர்பார்க்கவே தொடங்கினாள். மற்றத் தாய்மார்கள் நடுங்கிய செய்தி அது. சப்ரியோ, ஒவ்வொரு தடவை அந்த அறைக்குள் நுழையும்போதும் அவன் இருந்துவிடக்கூடாது என்று வேண்டுவார். இருந்துவிட்டால் இந்த அலைச்சலாவது முடியுமே என்றும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடும். அப்படி நினைத்த தன்னை அவர் மன்னிக்கவே இல்லை.

அன்று காலையும் போனார். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, பின்னால் சுவரோரமாக ஆட்கள் நின்றார்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு சட்டை. ஒரு பல்வரிசை. ஒரு கை. முகங்கள் முகங்களாக இல்லை. யாராவது கை தூக்கினால் படம் நிற்கும், அடுத்த அடுத்த படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவார், சிலர் கூவி விழுவார்கள், சிலர் இல்லையில்லை என்று கையை இறக்குவார்கள். அடுத்தது போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவார் அந்த இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

ஒரு பாதம் வந்தது.

பெருவிரலுக்கு அடுத்த விரல் நீண்டு, மேலே வளைந்து, பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. சப்ரி குனிந்து தன் செருப்பில் இருந்த காலைப் பார்த்தார். அவருடைய தகப்பனுக்கும் அதே கால்தான். சுஹைப் பிறந்தபோது மருத்துவச்சி துணியை விலக்கிக் காலைப் பார்த்து, இது எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கவே வேண்டாம் என்று சிரித்தாளாம். அடுத்த படத்தில் மணிக்கட்டு, இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை தோலுக்குள் போயிருந்தது. அதற்கடுத்த படத்தில் கழுத்துக்கு மேலே இருந்ததை அவர் பார்த்தார். முழுவதும் பார்த்தார். தகப்பன் பார்க்காமல் யார் பார்ப்பது?

“யாருக்காவது தெரியுதா?” என்று கேட்டார் இளைஞர்.

கையைத் தூக்கினால் போதும். கையெழுத்துப் போட்டு மகனை வாங்கிக்கொள்ளலாம். நான்கு பெயரும் எழுதிய கல்லை நட்டு, அதன் அடியில் படுக்கவைக்கலாம். ஆனால் எங்கள் தாய்மார்கள் பிள்ளையின் நெற்றியில் முத்தமிடாமல் கபர்க்குழிக்கு அனுப்பமாட்டார்கள். இன்ஷிராஹ் வருவாள். அவளை யாராலும் தடுக்கமுடியாது. பையைத் திறப்பாள். அங்கே முத்தமிட நெற்றி இல்லை. திறந்தபின் அவள் திரும்பி நடந்து வீட்டுக்கு வரப்போவதும் இல்லை. அந்தப் படுக்கையை, கூடாரத் துணிப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளின் அந்த முதுகைச் சப்ரி நினைத்தார். மகனுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவளுக்குச் செய்ய ஒரே ஒரு காரியம் இருந்தது.

“அடுத்தது போடுங்க தம்பி,” என்றார் சப்ரி.

யாரும் உரிமை கேட்காத பைகளைக் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, டெய்ர் அல் பலாஹ் என்ற ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெயரற்றவர்களின் ஜனாஸா தொழுகைக்கு ஆள் வேண்டும், போய்வருகிறேன் என்று சப்ரி வீட்டில் சொன்னார். போங்க, அதுகளுக்கும் நாலு பேர் நிக்கணுமே என்று இன்ஷிராஹ்வே அனுப்பிவைத்தாள். இயந்திரம் தோண்டிய நீளமான குழியில் பைகள் வரிசையாக இறங்கின. படத்தின் மூலையில் பார்த்துவைத்த அந்த எண் வந்தபோது சப்ரி முழங்கால் வலியைப் பாராமல் குழிக்குள் இறங்கிக் கையை நீட்டினார். உள்ளே இறங்கி வாங்கி வைப்பது தகப்பனும் சகோதரனும் செய்கிற காரியம்.

“நீங்க இவருக்கு யாரு?” என்று கேட்டார் குழியில் நின்றவர்.

“யாரும் இல்ல. கை குறையுதேன்னு இறங்கினேன்.”

நீளமான பை. வலப்பக்கமாகத் திருப்பி, தொழும் திசையான கிப்லாவை நோக்கிப் படுக்கவைத்தார்கள். மண் தள்ளியபின் இமாம் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். கபரில் வானவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இறந்தவருக்கு விடை சொல்லிக்கொடுக்கும் ஓதல் அது, அதில் ஆளைத் தாயின் பெயர் சொல்லித்தான் அழைக்கவேண்டும். தாய் யாரென்று தெரியாவிட்டால் எல்லோருக்கும் தாயான ஹவ்வாவின் பெயரைச் சொல்வார்கள். ஹவ்வாவின் மகனே என்றார் இமாம். சப்ரி வாயைத் திறந்தார். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், தாயின் பெயர், நாக்கின் நுனிவரை வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேருடைய பெயரையும் சொல்லி அனுப்பிய மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஹவ்வாவின் மகனே என்று இமாம் இரண்டாம் தடவையும் அழைத்தார். 

மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தார். இன்ஷிராஹ் மரமிய்யா இலை போட்டுத் தேநீர் கொடுத்தாள்.

“எத்தனை புள்ளைங்க?”

நிறைய என்றார்.

அவள் அடுப்பில் சுள்ளியைத் தள்ளினாள். பிறகு, அவர் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள். “அதுகளுக்கு ஒரு கவிதை சொல்லுங்களேன்.”

“பேர் தெரியாது இன்ஷிராஹ்.”

“பேர் தெரியாட்டி என்ன, பெத்தவ இல்லாமயா பொறந்துச்சுங்க? எத்தனை பேருக்குச் சொன்னீங்க. பாவம், இதுகளுக்கும் ஒண்ணு சொல்லுங்க. ஒரே ஒருத்தனுக்குச் சொன்னாப் போதும், எல்லாருக்கும் போய்ச் சேரும்.”

தட்டிக்கழிக்க வழியில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். குட்டையான ஒரு பையன். அவனுக்குச் சிரிக்கத் தெரியாது. வேடிக்கை பேசினால் கோபம் வரும். இயந்திரம் என்றால் பயம், ஒரு பல்பைக்கூட மாட்டத் தெரியாது. தாய் அருகில் வந்தால் வெட்கப்பட்டு விலகுவான். மகனிடம் இல்லாதவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அவனுடைய ஒரு மயிரிழைகூட உள்ளே வந்துவிடாமல் அடி அடியாகக் கட்டினார்.  அவர் சொன்ன கவிதைகளிலேயே அதுதான் நீளம். அதில் முதல் அடியில் பெயர் இல்லை.

முடித்துக் கண்ணைத் திறந்தபோது இன்ஷிராஹ் அழுதுகொண்டிருந்தாள். மகன் போன நாளிலிருந்து அவள் அழுததில்லை. இப்போது முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்காக அழுதாள். சப்ரி அவள் தலையில் கை வைத்தார். வெகுநேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பொம்பள இன்னும் அவனைத் தேடிக்கிட்டு இருப்பா இல்ல? அவளுக்கு யாருங்க போய்ச் சொல்லுவா?” என்றாள்.

“யாரும் சொல்ல மாட்டாங்க,” என்றார் சப்ரி.